338 கிலோமீட்டர் வானம், 794 கிலோமீட்டர் சுத்து: சேலம் – தூத்துக்குடி விமானக் கணக்கு

(சேலத்தில் நடந்த நமது தகவல் தொழில்நுட்ப அணியின் பயிற்சி வகுப்பில் அணித் தன்னார்வலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசா படிங்க, பகிருங்க.)



எனக்குக் கொடுத்த தலைப்பு, "வளர்ச்சிக் கோரிக்கைகளை எண்களோடு பேசுவது எப்படி". பொதுவா பேசினா தூக்கம் வந்துரும். அதனால ஒரே ஒரு கோரிக்கையை எடுத்துக்குறேன். சேலம் விமான நிலையத்துக்கும் தூத்துக்குடி விமான நிலையத்துக்கும் நேரடி விமானம் வேணும். இதை வெறும் கோஷமா போடாம, தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு, யாருக்கு என்ன லாபம்னு கணக்கோடு போட்டா எப்படி இருக்கும்? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

முதல்ல தூரம்

போன்ல மேப்பைத் திறங்க. சேலம் விமான நிலையம் ஓமலூர் பக்கத்துல கமலாபுரத்துல இருக்கு. அதோட அட்சரேகை ஏறத்தாழ 11.78 டிகிரி. தூத்துக்குடி விமான நிலையம் திருநெல்வேலி சாலையில வாகைக்குளத்துல இருக்கு. அது 8.72 டிகிரி. தீர்க்கரேகையைப் பார்த்தா ஆச்சரியமா இருக்கும். சேலம் 78.07, தூத்துக்குடி 78.03. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே கோடு. நூல் பிடிச்ச மாதிரி நேர் வடக்கு தெற்கு. இன்னொரு விஷயம், நடுவுல மதுரை விமான நிலையமும் 78.09ல அதே கோட்டுலதான் உட்கார்ந்திருக்கு.

அப்போ கணக்கு ரொம்ப சுலபம். அட்சரேகை வித்தியாசம் 3.06 டிகிரி. நம்ம பகுதியில ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர். பெருக்கினா 338 கிலோமீட்டர். இதுதான் வான்வழித் தூரம். இன்ஜினியரிங் படிச்சிருக்கணும்னு அவசியமே இல்லை, பத்தாவது கணக்கு போதும்.

சாலையில போனா? நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, அங்கிருந்து தூத்துக்குடி. ஊருக்கு ஊர் ஏறத்தாழ 380 கிலோமீட்டர். வான்வழிக்கும் சாலைக்கும் வித்தியாசம் 40 கிலோமீட்டர் சொச்சம்தான். நான்கு வழிச்சாலை நேரா போறதால சாலையும் அவ்வளவா வளையலை.

இப்போ இன்னொரு தூரம். சேலத்துல இருந்து தூத்துக்குடிக்கு நேரடி விமானம் இல்லை. "விமானத்துலதான் போவேன்"னு ஒருத்தர் அடம்பிடிச்சா, சென்னை போய் மாறலாம். சேலம் – சென்னை வான்வழி 266 கிலோமீட்டர். சென்னை – தூத்துக்குடி 528 கிலோமீட்டர். கூட்டினா 794. தெற்கே போகவேண்டிய ஆளு முதல்ல வடகிழக்கே போய், கடற்கரையைத் தொட்டுட்டு, மறுபடி தெற்கே இறங்கணும். தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறதுன்னு நம்ம ஊர்ல சொல்வாங்களே, அது இதுதான். 338 எங்கே, 794 எங்கே? ரெண்டு மடங்குக்கும் மேல.

அடுத்து நேரம். இங்கேதான் நம்மாளுங்க சறுக்குறது

இணையத்துல ரெண்டு ஊர் பேரைப் போட்டா தூரமும் பறக்கும் நேரமும் காட்டுற பக்கங்கள் நிறைய இருக்கு. அதுல பெரும்பாலும் ஜெட் விமானத்தோட வேகத்தை, அதாவது மணிக்கு 800 கிலோமீட்டரை ஒட்டி எடுத்துக்கிட்டு வகுத்துக் கொடுத்துரும். 338ஐ 800ஆல் வகுத்தா 25 நிமிஷம். உடனே நாம என்ன செய்வோம்? "சேலம் டு தூத்துக்குடி வெறும் 25 நிமிஷம்!"னு பெரிய எழுத்துல ஒரு கார்டு அடிச்சுப் போட்டுருவோம். லைக்கும் வரும். ஆனா விமானத்துறையில வேலை பார்க்குற ஒருத்தர் கீழே வந்து ஒரே ஒரு கமெண்ட் போட்டார்னா, நம்ம கோரிக்கை மொத்தமும் கேலி ஆயிடும்.

அந்த 25 நிமிஷம் ஏன் தப்பு? மூணு காரணம்.

ஒண்ணு, விமானத்தோட வகை. சேலம் ஓடுபாதை ஏறத்தாழ 1800 மீட்டர். இங்கே வந்துபோறது ஏ.டி.ஆர். 72 மாதிரி விசிறி சுத்துற டர்போபிராப் விமானம். எழுபது சொச்சம் இருக்கை. அதோட வேகம் மணிக்கு 510 கிலோமீட்டர் அளவுதான். 338ஐ 510ஆல் வகுத்தா 40 நிமிஷம்.

ரெண்டு, விமானம் பஸ் ஸ்டாண்டுல இருந்து கிளம்புற மாதிரி உடனே முழு வேகத்துல போறதில்லை. நிறுத்துமிடத்துல இருந்து நகரணும், ஓடுபாதை முனைக்குப் போகணும், அனுமதி வரணும், மேலே ஏறணும். ஏறும்போது வேகம் குறைவு. இறங்கும்போது சீக்கிரமே வேகத்தைக் குறைக்கணும், காத்து அடிக்கிற திசையைப் பார்த்துச் சுத்தி வந்து ஓடுபாதைக்கு நேரா நிக்கணும், இறங்கின பிறகு மறுபடி நிறுத்துமிடத்துக்கு உருண்டு வரணும். கால அட்டவணையில போடுற நேரம் சக்கரக்கட்டையை எடுக்குறதுல இருந்து மறுபடி சக்கரக்கட்டை வைக்குற வரைக்கும் உள்ள நேரம்.

இதை எப்படிச் சரிபார்க்கிறது? சென்னை – சேலத்தையே எடுத்துக்கோங்க. 266 கிலோமீட்டர். வகுத்தா 31 நிமிஷம். ஆனா அட்டவணையில ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் போடுறாங்க. அப்போ கணக்குக்கு மேல அரை மணி நேரம் எப்பவும் சேருதுன்னு ஆச்சு. அதே அரை மணியை நம்ம 40 நிமிஷத்தோட சேருங்க. 70 நிமிஷம். சேலம் – தூத்துக்குடி நேரடி விமானம் விட்டா, நியாயமா சொல்லக்கூடிய பயண நேரம் ஒரு மணி பத்து நிமிஷம். இதை எழுதி வெச்சுக்கோங்க.

மூணாவது காரணம்தான் முக்கியம். யாரும் விமான நிலையத்துல குடியிருக்கிறதில்லை. மக்கள் கேட்குறது "வானத்துல எவ்வளவு நேரம்"னு இல்லை, "வீட்டை விட்டுக் கிளம்பினா எப்போ போய்ச் சேருவேன்"னுதான். அதனால வாசல்ல இருந்து வாசலுக்குக் கணக்கு போடுவோம்.

சேலம் டவுனில் இருந்து கமலாபுரம் 20 கிலோமீட்டர் அளவு, 40 நிமிஷம் வைங்க. செக்-இன் கவுண்டரை ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே மூடிருவாங்க, அதனால ஒன்றரை மணி நேரம் முன்னாடி அங்கே நிக்கணும். விமானம் 70 நிமிஷம். பெட்டி வாங்கி வெளியே வர 20 நிமிஷம். வாகைக்குளத்துல இருந்து தூத்துக்குடி ஊருக்குள்ள போக அரை மணி நேரம். கூட்டுங்க, 250 நிமிஷம். நாலு மணி பத்து நிமிஷம்.

காரில் போனா ஆறு, ஆறரை மணி நேரம். பஸ்ஸுன்னா எட்டு மணி நேரம் ஆயிரும். ரயில்னா மைசூரு – தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் சேலம் வழியாத்தான் போகுது, ஆனா ராத்திரி கண்முழிச்சு ஸ்டேஷனுக்குப் போய் ஏறணும், மறுநாள் முற்பகல்தான் போய் இறங்கணும்.

விமானத்துல சென்னை போய் மாறுறது? வீட்டுல இருந்து விமான நிலையம், காத்திருப்பு, சென்னை வரைக்கும் ஒரு மணி நேரம், சென்னையில குறைஞ்சது ரெண்டு மூணு மணி நேரம் அடுத்த விமானத்துக்காகக் காத்திருப்பு, அங்கிருந்து தூத்துக்குடிக்கு ஒன்றரை மணிக்கு மேல, பிறகு பெட்டி, டாக்சி. எட்டு மணி நேரத்தைத் தொட்டுரும். நேரம் ஒத்துவரலைன்னா ஒரு ராத்திரி சென்னையிலேயே தங்கல். பஸ்ஸுல போறவரை விட விமானத்துல போறவர் லேட்டா போய்ச் சேருவார்! ரெண்டு டிக்கெட் காசும் கொடுத்து.

இதுதான் நாம போடவேண்டிய கார்டு, நண்பர்களே. "25 நிமிஷம்" இல்லை. "இன்னைக்கு விமானத்துல எட்டு மணி நேரம், நேரடி விமானம் விட்டா நாலு மணி நேரம்." இதை யாராலயும் மறுக்க முடியாது.

எல்லா ஊருக்கும் விமானம் கேட்கக்கூடாது

இன்னொரு விஷயம் சொல்லணும். சில பேருக்குக் கசக்கும். அதே கோட்டுல இருக்குற மதுரைக்கும் சேலத்துக்கும் வான்வழி 216 கிலோமீட்டர். வகுத்தா 25 நிமிஷம், அரை மணி சேர்த்தா 55 நிமிஷம். வாசல் கணக்கு போட்டா ஏறக்குறைய நாலு மணி நேரம். கார்ல போனாலும் நாலு மணி நேரம்தான். அப்போ சேலம் – மதுரை விமானத்தால யாருக்கு என்ன மிச்சம்? ஒண்ணுமில்லை. அந்த வழியில நல்ல பகல் நேர ரயில்தான் கேட்கணும்.

எங்கே விமானம் உதவும், எங்கே உதவாதுன்னு பிரிச்சுச் சொல்றவங்க பேச்சைத்தான் அதிகாரிங்க காது கொடுத்துக் கேட்பாங்க. எல்லாத்தையும் கேட்குறவனுக்கு ஒண்ணும் கிடைக்காது.

ஓடுபாதையும் விவசாயி நிலமும்

அடுத்து நம்ம மாவட்டத்துக்கே உரிய ஒரு விஷயம். சேலம் விமான நிலைய விரிவாக்கம்னு பேச்சு வரும்போதெல்லாம் கமலாபுரம், தும்பிப்பாடி, பொட்டியபுரம், சிக்கனம்பட்டி பக்கத்து விவசாயிகள் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்காங்க. 2018ல அவங்க போராடினது எல்லாருக்கும் தெரியும். நம்ம பக்கத்துலயே சில தம்பிங்க, "வளர்ச்சிக்குக் குறுக்கே நிக்கிறாங்க"ன்னு அவங்களைக் கிண்டல் பண்ணிப் பதிவு போடுறாங்க. தயவுசெஞ்சு நிறுத்துங்க.

ஏன்னா, நாம கேட்குற இந்த வழிக்கு ஒரு சென்ட் நிலம்கூட தேவையில்லை. ஏ.டி.ஆர். 72 விமானத்துக்கு 1300 மீட்டர் சொச்சம் ஓடுபாதை போதும். சேலத்துல 1800 இருக்கு. தூத்துக்குடியில முன்னாடி 1350 மீட்டர்தான் இருந்துச்சு, அதுலயே வருஷக்கணக்கா ஏ.டி.ஆர். இறங்கி ஏறிக்கிட்டுத்தான் இருந்துச்சு. இப்போ அங்கே ஓடுபாதை 3 கிலோமீட்டருக்கு மேல நீண்டாச்சு. 2025 ஜூலை 26 அன்னைக்குப் புது முனையத்தையும் பிரதமர் திறந்து வெச்சாச்சு. ரெண்டு முனையிலும் ஓடுபாதை ரெடி.

"சேலத்துக்கும் பெரிய ஜெட் வந்தா நேரம் குறையுமே"ன்னு கேட்பீங்க. கணக்கு போடுவோம். 338 கிலோமீட்டர் தூரத்துல ஜெட் மேலே ஏறி முடிக்கும்போதே இறங்கத் தொடங்கணும். ஏறத்தாழ பத்து நிமிஷம் மிச்சமாகும், அவ்வளவுதான். டெல்லி, மும்பைக்கு ஜெட் வேணுமாங்கிறது வேற கேள்வி. அதை அந்த ஊர் மக்களோட உட்கார்ந்து பேசித்தான் முடிவு பண்ணணும். ஆனா தூத்துக்குடி விமானத்துக்கு விவசாயி நிலத்தைக் காரணம் காட்ட யாருக்கும் உரிமை இல்லை. இதை நாம தெளிவா சொன்னா, அந்த விவசாயியும் நம்ம கோரிக்கைக்குக் கையெழுத்து போடுவார்.

பணம் எங்கிருந்து வரும்?

"ஆளு ஏறாது, கம்பெனிக்கு நட்டம்" – இதுதான் அடுத்த பதில். நியாயமான கேள்விதான். இதுக்குத்தான் உடான் திட்டம் இருக்கு. 2016 அக்டோபர்ல அறிவிச்சாங்க, 2017 ஏப்ரல்ல சிம்லா – டெல்லி முதல் விமானம் பறந்துச்சு. விமானத்துல குறிப்பிட்ட அளவு இருக்கைகளைக் குறைஞ்ச கட்டணத்துல விக்கணும். தொடக்கத்துல ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2500 ரூபாய்னு உச்சவரம்பு வெச்சாங்க. அப்படி விக்கிறதால வர்ற இடைவெளியை அரசு ஈடுகட்டும். அந்தத் தொகையில மாநில அரசோட பங்கு 20 சதவீதம். விமான எரிபொருள் மேல மாநில வரியை ஒரு சதவீதத்துக்கோ அதுக்குக் கீழேயோ குறைக்கணும். தரையிறங்கும் கட்டணம் கிடையாது. ஒரு முனை உடான் விமான நிலையமா இருந்தா போதும். சேலம் உடான் விமான நிலையம்தான்.

2025 மத்திய பட்ஜெட்ல, அடுத்த பத்து வருஷத்துல 120 புது இடங்களை இணைக்கிற மாதிரி இந்தத் திட்டத்தை மாத்தி அமைக்கப் போறதா அறிவிச்சாங்க. கதவு திறந்திருக்கு. நாம உள்ளே காலை வைக்கணும்.

ஆனா ஒரு பாடத்தையும் மறக்கக்கூடாது. சேலம் விமான நிலையம் 1993ல திறந்தது. அன்னைக்கிலிருந்து விமானம் வரும், நிக்கும், மறுபடி வரும். உடான் மூலமா 2018 மார்ச்ல சென்னைக்குச் சேவை வந்துச்சு, 2021ல நின்னுபோச்சு. ரெண்டு வருஷத்துக்கு மேல ஓடுபாதை சும்மா கிடந்துச்சு. 2023 அக்டோபர்லதான் மறுபடி விமானம் வந்துச்சு. உடான் ஈட்டுத்தொகை ஒரு வழிக்கு மூணு வருஷம்தான். அதுக்குள்ள அந்த விமானம் மக்களோட பழக்கமா மாறலைன்னா, சலுகை நின்ன அன்னைக்கு விமானமும் நின்னுரும்.

அதனால "விமானம் விடு"ன்னு கேட்டுட்டு நாம வீட்டுக்குப் போயிடக்கூடாது. தினமும் விடணும், காலையில போய் வேலையை முடிச்சு மறுநாளாவது திரும்புற நேரத்துக்கு விடணும்னு சேர்த்தே கேட்கணும். வாரத்துல ரெண்டு நாள், அதுவும் நட்ட நடு மத்தியானத்துல விட்டா, "பார்த்தீங்களா, ஆளே ஏறலை"ன்னு அவங்களே சொல்லி நிறுத்திருவாங்க.

யார் ஏறுவாங்க?

இந்தப் பக்கம் சேலம் மட்டும் கிடையாது. மேட்டூர், தர்மபுரி, நாமக்கல் எல்லாம் கமலாபுரத்தைச் சேர்ந்துதான். அந்தப் பக்கம் தூத்துக்குடி மட்டும் கிடையாது. வாகைக்குளத்துல இருந்து திருநெல்வேலி 30 கிலோமீட்டர் சொச்சம்தான். தென்காசிக்காரரும், நாகர்கோவில்காரரும்கூட அங்கே வரலாம். சேலத்து ஜவ்வரிசி, துணி வியாபாரிங்க, துறைமுகத்துல சரக்கு அனுப்புறவங்க, ரெண்டு பக்கமும் படிக்கிற பிள்ளைங்க, வயசான அப்பா அம்மாவைப் பார்க்க ஓடுறவங்க, திருச்செந்தூர் முருகனைக் கும்பிடப் போற பக்தர்கள். ஒரு விமானத்துக்கு எழுபது சொச்சம் பேர். இத்தனை மாவட்டத்துல ஒரு நாளைக்கு அத்தனை பேர் இல்லையா?

இருக்காங்கன்னு நான் நம்புறேன். ஆனா நம்பிக்கை பத்தாது, கணக்கு வேணும். அதுதான் உங்க வேலை.

நாம செய்யவேண்டியது

ஒண்ணு. ஒவ்வொரு ஒன்றியத்துலயும் ஒரு படிவம் போடுவோம். "கடந்த ஒரு வருஷத்துல எத்தனை தடவை தென்மாவட்டம் போனீங்க? எதுல போனீங்க? நேரடி விமானம் இருந்தா எவ்வளவு கட்டணம் வரைக்கும் கொடுப்பீங்க?" இந்த மூணு கேள்வி போதும். பேர், போன் நம்பர் கேட்காதீங்க. வியாபாரிகள் சங்கம், கல்லூரி, டிராவல்ஸ் கடை, எல்லா இடத்துக்கும் நேர்ல போங்க. எந்தக் கட்சிக்காரர்னு பார்க்காதீங்க. விமானத்துல கட்சி பார்த்து சீட்டு கொடுக்குறதில்லை.

ரெண்டு. தூத்துக்குடி, நெல்லை மாவட்ட அணி நண்பர்களும் அதே படிவத்தை அங்கே எடுக்கணும். ஒரு பக்கத்துக் கணக்கை வெச்சு விமானம் வராது.

மூணு. அந்தக் கணக்கோடு மனு கொடுப்போம். மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒண்ணு, இந்திய விமான நிலைய ஆணையத்துக்கு ஒண்ணு, மாநில அரசுக்கு ஒண்ணு. விமான நிறுவனங்களுக்கும் அனுப்பணும். ஏன்னா உடான் வழிக்கு ஏலம் கேட்டு வரவேண்டியது அவங்கதான்.

நாலு. பதிவு போடும்போது மூணு விஷயம் இல்லாம போடாதீங்க. தூரம்னா வான்வழியா சாலையான்னு சொல்லுங்க. நேரம்னா எந்த விமானம்னு சொல்லுங்க. லாபம்னா வாசல்ல இருந்து வாசலுக்குச் சொல்லுங்க. எதிர்க்கருத்து சொல்றவரைத் திட்டாதீங்க, இந்தக் கணக்கைக் கொடுங்க. தப்பு இருந்தா அவர் திருத்தட்டும், நமக்கு லாபம்தான்.

நண்பர்களே, நம்ம தலைமுறையை "மீம்ஸ் போடுற பசங்க"ன்னு சொல்றாங்க. மீம்ஸ் போடுவோம், தப்பில்லை. ஆனா ஒரு விவசாயியோட நிலத்தைத் தொடாம, புதுசா ஓடுபாதை போடாம, இருக்குற ரெண்டு விமான நிலையத்தை ஒரு கோட்டால இணைச்சா எட்டு மணி நேரம் நாலு மணி நேரமாகும்னு கணக்கோடு காட்டுறதும் நம்மால முடியும். ஓடுபாதை ரெண்டு பக்கமும் இருக்கு. வானமும் இருக்கு. நடுவுல இல்லாதது ஒரு வழித்தடம். அதைக் கேட்டு வாங்குவோம்.

படிவம் நாளைக்கு நம்ம குழுவுல வரும். வர்ற ஞாயிற்றுக்கிழமையில இருந்து வேலையைத் தொடங்கலாம்.



#சேலம்_தூத்துக்குடி_நேரடி_விமானம்
#நிலமும்_வேணும்_விமானமும்_வேணும்